கோழிக்குப் பதில் வான்கோழி

டாக்டர் மருந்துச் சீட்டின் ஓரத்தில் 38 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். என் மனைவி அன்று முப்பத்தாறு கிலோ இருந்தாள். உணவுக்குழாயில் கட்டி. அறுத்து எடுக்க நான்கு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள். அன்று காலையில் எடை போட்டுப் பார்ப்பார்கள், முப்பத்தெட்டு இருந்தால் செய்வார்கள், இல்லாவிட்டால் உடம்பு தாங்காது என்றார். அந்தத் தேதி தவறினால் அடுத்தது எப்போது என்று என் மனைவி கேட்டாள். ஐந்து ஆறு வாரம் ஆகலாம் என்றார். அதற்குள் கட்டி சும்மா இருக்குமா என்று கேட்டாள். டாக்டர் அடுத்த சீட்டை எடுத்தார்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு வந்தோம். கார்டன் ரீச்சில் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் எனக்கு ஸ்டோர்ஸில் வேலை. நட்டு, போல்ட்டு, பித்தளைச் சாமான்களை எடை போட்டுக் கொடுப்பதும் எழுதி வைப்பதும்தான் என் வேலை. பத்தாவது வரை படித்தவனுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆட்களோடு பேசுவதுதான் எனக்குக் கஷ்டம். பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்லவும் காய்கறி வாங்கவும் மட்டும் வங்காளம் தெரியும். மற்றதெல்லாம் அவள். பால்காரரிடம் சண்டை போடுவது, வீட்டுக்காரரிடம் தண்ணீர் கேட்பது, மேல் வீட்டு பௌதியோடு சிரிப்பது எல்லாம் அவள்தான். அண்ணியை இங்கே பௌதி என்பார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே வீட்டில் சத்தம் என்றால் அது அவளுடைய சத்தம்தான். நோய் வந்த பிறகு அந்தச் சத்தமும் கம்மிப்போய், காற்று மட்டும் வந்தது.

எதை விழுங்கினாலும் நெஞ்சில் நின்றது. பால் குடித்தால் குமட்டியது. கட்டிக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்த பிறகு மீன் வாடையே ஆகவில்லை. மீனை விட்டுவிட்டு இந்த ஊரில் ஒரு மனிதன் எதைத் தின்று தேறுவான்? ஆட்டுக்கறியைக் கொத்திக் கொடுத்தாலும் நார் நாராக மேலேயே வந்தது. கடைசியில் இறங்கியது ஒன்றே ஒன்றுதான். கோழியைக் கொத்துக்கறியாக்கி, சின்ன வெங்காயம், சோம்பு, தேங்காய், கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு சேர்த்து உருண்டை பிடித்து, எண்ணெயில் போடாமல் இட்லித் தட்டில் ஆவியில் அவித்து, அதைக் கஞ்சியில் உதிர்த்துக் கரைத்துக் கொடுத்தால் இறங்கியது. இறங்கியது மட்டுமல்ல, தங்கியது.

அதுவரை நான் அடுப்படிப் பக்கம் போனதில்லை. அவள் கட்டிலில் படுத்தபடியே அடுப்படியைப் பார்த்துச் சொல்லுவாள், நான் செய்வேன்.

"மஞ்சத்தூளப் போட்டு மூணு தண்ணி கழுவணும். தண்ணி தெளிவா நிக்கணும்."

"நிக்குது."

"இங்க கொண்டாந்து காட்டுங்க. உங்க கண்ணு எனக்குத் தெரியும்."

கோழித் துண்டுகள் கிடக்கும் சட்டியைக் கொண்டுபோய்க் காட்டுவேன். அவள் எட்டிப் பார்த்து, இன்னொரு தண்ணீர் என்பாள். கழுவி முடித்தபின் பலகையில் வைத்துக் கத்தியால் கொத்துவேன். பக்கத்து வீட்டுச் சுவரில் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். முதல் நாள் கொத்தியதைப் பார்த்து, "இது கொத்துக்கறியா, சல்லிக்கல்லா?" என்று கேட்டாள். மறுநாள் இன்னும் அரை மணி நேரம் கொத்தினேன்.

தெருமுனை மருந்துக்கடையில் ஓர் எடை மிஷின் இருந்தது. ஒரு வாரம் கழித்து அவளை மெதுவாக நடத்திக் கூட்டிப்போய் நிறுத்தினேன். முப்பத்தாறு அறுநூறு. கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். வரும்போது அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கணக்குல போனா நாலு வாரத்துல நான் உங்களையே தூக்கிருவேன்" என்றாள்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் கோழிக்கடை மூடியிருந்தது. அதற்கடுத்த கடையும் மூடியிருந்தது. மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் வந்துவிட்டது என்று டிவியில் காட்டினார்கள். வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டவர்கள் கோழிகளைச் சாக்கில் கட்டிக் குழியில் போட்டார்கள். வாத்தையும் போட்டார்கள். எங்கள் மார்க்கெட்டில் கோழி வெட்டும் மேடைகளைக் கழுவிச் சுண்ணாம்பு தெளித்திருந்தார்கள். லேக் மார்க்கெட்டில் நம் ஊர்க் கடைகளுக்கு வெங்காயமும் கறிவேப்பிலையும் வாங்கப் போனபோது அங்கேயும் விசாரித்தேன். கடைக்காரர் தமிழ்தான். "அண்ணாச்சி, முட்டையே ஒருத்தனும் தொட மாட்டேங்கான், நீங்க கோழி கேக்கிய" என்றார்.

நான்கு நாள் பருப்புத் தண்ணீரும் ராகிக் கூழும் கொடுத்தேன். மருந்துக்கடை மிஷினில் முப்பத்தாறு முந்நூறு. கிடைத்ததில் பாதி போய்விட்டது. மிஷின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஒருவர் தன் குழந்தையை நிறுத்தக் காத்திருந்ததால் அவளை இறக்கினேன்.

தர்மதலாப் பக்கம் கோல்ட் ஸ்டோரேஜ் கடைகள் உண்டு. உறையவைத்த கறி விற்பார்கள், ஹோட்டல்காரர்களும் கிளப்காரர்களும் வாங்குவார்கள். பட்டறையில் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கடைக்கு முன்னால் இரண்டு முறை நடந்துவிட்டு, மூன்றாம் முறை உள்ளே போனேன். தாடி வைத்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"பாய், முர்கி கீமா..." என்றேன், கோழிக் கொத்துக்கறி என்பதற்கு.

"மெதுவாச் சொல்லுங்க சாப்" என்றார் ஹிந்தியில். "இப்ப முர்கின்னு சத்தமாச் சொன்னா தெருவுல உள்ள கஸ்டமர் எல்லாம் கங்கையில போய் விழுந்துருவான்."

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு யாருக்கு என்று கேட்டார். நோயாளிக்கு என்றேன். எவ்வளவு முயன்றும் அதற்கு மேல் எனக்கு ஹிந்தி வரவில்லை.

"முர்கி இல்லை. டர்க்கி இருக்கு" என்றார். "படா தின்னுக்கு வந்தது, மிச்சம். நோய் வர்றதுக்கு முன்னாலயே செத்துப்போன பறவை. இதுக்குக் காய்ச்சல் வராது."

படா தின் என்றால் இங்கே கிறிஸ்துமஸ். அவர் பெட்டியைத் திறந்து காட்டினார். நம் ஊரில் வான்கோழியைப் பார்த்திருக்கிறேன், தின்றதில்லை. இது உறைந்துபோய், தலையில்லாமல், ஒரு சின்னக் குழந்தை அளவுக்கு இருந்தது. பாதியைத் தருகிறேன், மிஷினில் அரைத்துத் தருகிறேன் என்றார். நெஞ்சுக்கறியா, கால்கறியா என்றார். வெள்ளையாக இருப்பதுதான் நோயாளிக்கு நல்லது என்று நினைத்து நெஞ்சு என்றேன். தோலோடு அரைக்கவா என்றார். வேண்டாம் என்றேன்.

"தோல் இல்லாட்டி காய்ஞ்சு போகும் சாப்."

"வேண்டாம்" என்றேன் மறுபடியும். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாததால்தான் அப்படிச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தேன். அரைத்த கறி வெளுத்த சிவப்பில், புழுப் புழுவாக இருந்தது. டிவியில் பார்த்த சாக்குகள் கண்ணுக்குள்ளேயே நின்றன. பெரியவர் என்ன சொன்னாலும் பறவைதானே. அவள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பிக் கேட்கவில்லை. வழக்கம்போல மஞ்சள்தூள் போட்டுக் கழுவினேன். அரைத்த கறி தண்ணீரோடு ஓடியதால் ரவை சலிக்கும் சல்லடையில் போட்டுக் குழாயடியில் பிடித்தேன். மூன்று தண்ணீர் போதாதென்று ஐந்து தண்ணீர். தெளிவாக நிற்கும் வரை கழுவினேன். பிறகு கையால் பிழிந்து உருண்டை பிடித்து, காய்ச்சல் பயத்தில் ஒரு மணி நேரம் ஆவியில் வைத்தேன். தட்டில் வடிந்து நின்ற தண்ணீரையும் கீழே கொட்டினேன்.

அவள் எழுந்ததும் கஞ்சியில் உதிர்த்துக் கொடுத்தேன். உதிர்க்கவே சிரமமாக இருந்தது. கோழி இல்லை, வான்கோழி என்று சொன்னேன்.

"சரி, கோழிக்குப் பெரியப்பா. குடுங்க" என்றாள்.

இரண்டு வாய் இறங்கியது. மூன்றாவது நின்றுவிட்டது. அவள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தண்ணீர் கொடுத்தேன், அதுவும் அதன் மேல் நின்றது. கண் பிதுங்கியது. பேசினில் குனியவைத்து முதுகைத் தடவினேன். வந்தது கறி இல்லை, மரத்தூள் மாதிரி ஒன்று. அதோடு காலையில் குடித்த கூழும், பிறகு வெறும் நுரையும், பிறகு நூல் நூலாக இரத்தமும் வந்தன. அன்றும் மறுநாளும் வெந்நீர்கூட இறங்கவில்லை. மிஷினில் ஏற்றியபோது முப்பத்தைந்து எண்ணூறு. தொடங்கிய இடத்துக்கும் கீழே போய்விட்டோம். தேதிக்கு இரண்டு வாரம் கூட இல்லை.

இரத்தம் வந்த அன்று சாயங்காலம் மேல் வீட்டுக்கு ஏறிப் போனேன். பதினேழு வருஷத்தில் அந்தப் படியில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை. பௌதி கதவைத் திறந்து, அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பயந்துபோனாள். நான் சல்லடையையும் மிச்சக் கறியையும் கையிலேயே கொண்டுபோயிருந்தேன். காட்டினேன். அவள் வங்காளத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். தாதா என்றால் இங்கே அண்ணன்.

"இது என்ன தாதா?"

"டர்க்கி. கீமா."

"இப்படி ஏன் இருக்கு?"

கழுவினேன் என்று கையால் செய்து காட்டினேன். ஐந்து விரலையும் விரித்து ஐந்து முறை என்றேன்.

"எ மா!" என்று பௌதி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "கீமாவை யாராவது கழுவுவாங்களா? சத்தெல்லாம் சாக்கடைக்குப் போச்சே. சாக்கடை எலிக்கு இப்ப நாப்பது கிலோ இருக்கும்!"

சொன்னவள் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் நான் அழுதுவிட்டேன். ஒரு பெண்பிள்ளை முன்னால், சல்லடையைப் பிடித்துக்கொண்டு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் கறியைக் கழுவிவிட்டுக் கொத்துவோம். கொத்திய பிறகு கழுவியதே இல்லை. கடையில் அரைத்ததை வாங்கும் பழக்கம் இல்லாததால் அதை யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. கழுவாத கறியை அடுப்பில் ஏற்றக்கூடாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

பௌதி கீழே இறங்கி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து எனக்குச் சொன்னார்கள். கோழி மாதிரி இல்லை இது, இதற்கு உடம்பிலேயே நெய் கிடையாது, நாம்தான் கொடுக்க வேண்டும் என்றாள் பௌதி. பழைய ரொட்டியின் நடுப்பகுதியைப் பாலில் ஊறவைத்துப் பிழிந்து கறியோடு பிசை என்றாள். கட்லெட்டுக்கு அவர்கள் அப்படிச் செய்வார்களாம். பால் ஆகாது, தேங்காய்ப்பால் என்றாள் என் மனைவி. வெங்காயத்தைப் பச்சையாகப் போடாதே, நெய்யில் குழைய வதக்கிப் போடு என்றாள் பௌதி. பொட்டுக்கடலை வேண்டாம், இன்னும் இறுக்கிவிடும் என்றாள் என் மனைவி. இருபது நிமிஷத்துக்கு மேல் அவிக்காதே. தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டாதே, அதுதான் கறி, அதைக் கஞ்சியில் ஊற்று. நான் ஸ்டோர்ஸில் எழுதுவதுபோல ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டேன்.

"எழுதிட்டியளா? கீழ கையெழுத்துப் போடணுமா?" என்றாள் என் மனைவி, அந்தக் காற்றுக் குரலில்.

மறுநாள் கோல்ட் ஸ்டோரேஜ் பெரியவரிடம் போய் மிச்சம் இருந்த இரண்டு கால்களையும் தோலோடு அரைத்துத் தரச் சொன்னேன். அவர் என்னை நினைவு வைத்திருந்தார். கொழுப்பைத் தனியாகப் பிய்த்தெடுத்து அதையும் சேர்த்து அரைத்தார். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் தங்காது. பௌதியின் ஃபிரிட்ஜில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். ஒரு நாளைக்கு ஒன்று என்று பதினான்கு சின்னப் பொட்டலம் கட்டினேன். தினமும் காலையில் ஏறிப்போய் ஒன்றை எடுத்து வருவேன்.

முதல் நாள் கழுவாமல் பிசையும்போது கை கூசியது. இரத்தம் விரலில் ஒட்டியது. அவள் கட்டிலில் இருந்து, "கையக் கழுவிட்டு வந்து கறியத் தொடுங்க, கறியக் கழுவிட்டு வந்து என்னத் தொடாதிய" என்றாள். உருண்டை பஞ்சு மாதிரி வந்தது. கஞ்சியில் தானாகவே கரைந்தது. கோழியை விடக் கொஞ்சம் கருத்து, கொஞ்சம் காட்டு வாடை. சோம்பைக் கூட்டிப் போட்டேன். அவள் ஒரு வாய் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். இறங்கியது. இன்னொரு வாய். ஒரு கிண்ணம் முடிய முக்கால் மணி நேரம் ஆனது.

"பெரியப்பா நல்லவருதான்" என்றாள்.

நான்காம் நாள் முப்பத்தாறு இருநூறு. எட்டாம் நாள் முப்பத்தாறு எண்ணூறு. காலையில் இருந்து ராத்திரி வரை ஒரு நாளைக்கு ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்தேன். வேலைக்குப் போன நேரத்தில் பௌதி இறங்கி வந்து கொடுத்தாள். வேலையில் என் கை தராசில் இருக்கும், மனம் மருந்துக்கடை மிஷினில் இருக்கும். ஒரு நாள் ஐந்து கிலோ பித்தளை நட்டுக்குப் பதில் மூன்று கிலோ கொடுத்தனுப்பி, ஃபோர்மேனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் எதையாவது பேசிச் சிரிப்பார்கள். நான் இருநூறு, முந்நூறு, நானூறு என்று கிராம்களைக் கூட்டிக்கொண்டிருப்பேன். எத்தனை முறை கூட்டினாலும் தேதிக்குள் வரவில்லை.

சனிக்கிழமை முப்பத்தேழு நானூறு. பொட்டலம் இரண்டுதான் பாக்கி. திங்கட்கிழமை காலைக்குள் அறுநூறு கிராம் ஒரு மனித உடம்பில் ஏறாது. எடை போடுவதே பிழைப்பாக இருப்பவனுக்கு அது தெரியும். அவளை மெதுவாக வீட்டுக்கு நடத்திக் கூட்டிவந்தேன்.

கட்டிலில் உட்கார்ந்ததும் அவள் சொன்னாள். "உங்க ஸ்டோர்ல கல்லு இருக்கும்லா?"

"என்ன கல்லு?"

"எடைக்கல்லு. அரைக் கிலோக் கல்லு. பாவாட நாடாவுல கட்டிக்கிடுதேன். மேல ரெண்டு சேல சுத்துனா யாருக்குத் தெரியும்?"

விளையாட்டு என்று நினைத்தேன். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

"அறுநூறு கிராமுக்காக இன்னும் ஆறு வாரம் என்னால இத வச்சிக்கிட்டு இருக்க முடியாது. ராத்திரியும் பகலும் அது உள்ள வளருதது எனக்குத் தெரியுது. கொண்டு வாங்க."

சனிக்கிழமை அரை நாள் பட்டறை உண்டு. அன்றைக்கு லேட்டாகப் போனேன். கழித்துப் போட்ட சாமான்களோடு பழைய இரும்பு எடைக்கற்கள் கிடந்தன. ஒன்றை எடுத்துச் சாப்பாட்டுத் தூக்கின் அடித்தட்டில் வைத்தேன். அந்தப் பட்டறையில் இருந்து அதுவரை ஒரு வாஷரைக்கூட வெளியே கொண்டு போனதில்லை. கேட்டில் செக்யூரிட்டி என் தூக்கைத் தொட்டுப் பார்த்து, "என்ன தாதா, இன்னைக்குச் சாப்பிடலையா? கனமா இருக்கு" என்றான். பசியில்லை என்றேன். போகவிட்டான்.

திங்கட்கிழமை காலையில் நானே அதைத் துணியில் சுற்றி அவள் இடுப்பில் கட்டினேன். இடுப்பெலும்பு கையில் குத்தியது. உறுத்துகிறதா என்றேன். இல்லை என்றாள். ஸ்வெட்டர், இரண்டு சேலை, மேலே சால்வை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சால்வையையும் ஸ்வெட்டரையும் கழற்றச் சொன்னாள். செருப்பையும் கழற்றச் சொன்னாள். மிஷினில் ஏறும்போது அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. முள் ஆடி நின்றது. முப்பத்தெட்டு. நர்ஸ் எழுதிக்கொண்டு, நல்லா ஏறியிருக்கு அக்கா, உள்ளே போங்க என்றாள். என் மனைவி சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தாள்.

உள்ளே மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் இருந்தார், இளம்பெண். நாடி பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார், பல் ஆடுகிறதா என்று பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்து, ஒரு காகிதத்தில் முப்பத்தெட்டை எதனாலோ பெருக்கினார். என்ன கணக்கு என்று என் மனைவிதான் கேட்டாள். சும்மா பேச்சுக் கொடுக்க.

"மயக்க மருந்து எடைக்கு ஏத்த மாதிரி" என்றார் டாக்டர். "ஒரு கிலோவுக்கு இவ்வளவுன்னு கணக்கு. ரொம்ப மெலிஞ்சவங்களுக்கு ரொம்பப் பாத்துக் குடுக்கணும்."

அவர் பெருக்கிய எண்ணை ஒரு கட்டத்தில் எழுதினார். என் கண் அந்தப் பேனாவிலேயே இருந்தது. அந்தக் கணக்கில் அரைக் கிலோ இரும்பும் இருந்தது. அவளுடைய இரத்தத்தில் போகப் போவது அந்த இரும்புக்கும் சேர்த்த மருந்து. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மெதுவாக, டாக்டருக்குத் தெரியாமல்.

"மேடம்" என்றேன். "அரைக் கிலோ குறைச்சு எழுதுங்க."

டாக்டர் நிமிர்ந்தார். நான் ஹிந்தியில் சொல்லியிருக்க வேண்டும், தமிழில் சொல்லிவிட்டேன். மறுபடி ஹிந்தியில் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. கடைசியில் என் மனைவியே சேலைக்குள் கையை விட்டு, முடிச்சை அவிழ்த்து, துணியோடு அந்தக் கல்லை மேஜைமேல் வைத்தாள். டொக்கென்று ஒரு சத்தம்.

யாரும் திட்டவில்லை. அந்த டாக்டர் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். பெரிய டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். முப்பத்தேழரை, இரத்தப் பரிசோதனையும் போதுமானதாக இல்லை, இன்றைக்கு முடியாது, இன்னும் தேற்றிக்கொண்டு வாருங்கள் என்றார். வேறு தேதி ஒன்றை எழுதிக் கொடுத்தார். ஐந்து வாரம் தள்ளி. நாங்கள் வெளியே வரும்போது எங்களுக்காக வைத்திருந்த கட்டிலில் வேறொரு அம்மாவை உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கிதிர்பூர் பாலம் வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பாமலே பேசினாள்.

"பதினேழு வருஷமா வாயத் தொறக்காத மனுசன். நான் தண்ணி இல்லாம வீட்டுக்காரன்ட்ட சண்ட போட்டப்ப தொறக்கல. உங்களுக்குப் புரமோஷன் குடுக்காம எவனோ ஒருத்தனுக்குக் குடுத்தப்ப தொறக்கல. இன்னைக்குத்தான் தொறக்கணுமா?"

பக்கத்தில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பௌதியின் ஃபிரிட்ஜில் ஒரு பொட்டலம் மிச்சம் இருந்தது. எடுத்துவந்து ரொட்டியும் தேங்காய்ப்பாலும் போட்டுப் பிசைந்தேன். அவள் சாப்பிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, கிண்ணம் முடியும் வரை சாப்பிட்டாள். மறுநாள் நான் பெரியவர் கடைக்குப் போனேன். வான்கோழி தீர்ந்துவிட்டது. வேறொரு கடையில் ஒன்று இருக்கும் என்று ஆளனுப்பி வரவழைத்துக் கொடுத்தார். அது தீர்வதற்குள் மார்க்கெட்டில் கோழி வந்துவிட்டது. கோழிக்கு மாறினோம். அதற்கும் ரொட்டி போட்டுப் பிசையவே எனக்குக் கை பழகிவிட்டது.

அடுத்த தேதியில் அவள் முப்பத்தெட்டு அறுநூறு இருந்தாள். இடுப்பில் எதுவும் இல்லை. ஆபரேஷன் ஆறு மணி நேரம் ஆனது. பெரிய டாக்டர் வெளியே வந்து, பக்கத்தில் உள்ள இடத்துக்கும் பரவியிருக்கிறது, எடுக்க முடிந்ததை எடுத்திருக்கிறோம் என்றார். ஐந்து வாரத்துக்கு முன்னால் அது பரவியிருந்ததா என்று அவரிடம் கேட்பதற்காக ஒரு வாக்கியத்தை ஹிந்தியில் மனதுக்குள் சரிசெய்துகொண்டேன். அதற்குள் அவர் போய்விட்டார்.

அதன்பின் அவள் பதினான்கு மாதம் இருந்தாள். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினாள். மதிய நேரம். நான் கட்டிலில் உட்கார்ந்து அவளுக்குக் கஞ்சியில் உருண்டையை உதிர்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் உங்க இடத்துல இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைப் போலத்தான் சொன்னாள்.

"தெரியும்" என்றேன்.

கரண்டியை நீட்டினேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.